மௌனசாமிக்கு வைஃபை கிடைத்த நாள்

மௌனசாமி வாய் திறந்து மூன்று வருடமாகிறது என்று அடி அண்ணாமலையில் எல்லோரும் நம்பினார்கள். அவர் தினமும் விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய் இருபது நிமிடம் பேசிவிட்டு வருவது அவருக்கும் அவருடைய போனுக்கும் மட்டும்தான் தெரியும்.

சாமியின் சொந்தப் பெயர் மண்ணாங்கட்டி. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஓட்டியதைவிடப் பேசியதுதான் ஜாஸ்தி. வேனில் ஏறியவர் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் மண்ணாங்கட்டியின் மாமனார் வீட்டு மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுதான் இறங்குவார். வீட்டிலும் அதே கச்சேரி. ஒரு நாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆதிலட்சுமி பொறுக்கமாட்டாமல், "யோவ், ஒரே ஒரு நாளு வாய மூடிகினு இரேன், உனக்குப் புண்ணியமா போவும்" என்று சொல்லிவிட்டாள். மண்ணாங்கட்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனிமேல் வாயைத் திறந்தால் ஏன் என்று கேள் என்று கத்திவிட்டு, உடுத்திய வேட்டியோடு பஸ் ஏறிவிட்டார்.

கிரிவலப் பாதையில் ஒரு புளியமரத்தடியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாளில் தேடி வருவாள், கெஞ்சுவாள், போய்விடலாம் என்பது கணக்கு. அந்த வழியாகப் போனவர், "சாமிக்கு எந்த ஊரு?" என்றார். இருந்த எரிச்சலில் மண்ணாங்கட்டி பதில் சொல்லவில்லை. அடுத்து வந்தவர் புளிசாதம் வைத்தார். நான்காம் நாள் ஒரு குடும்பமே காலில் விழுந்தது. கோபத்தில் இருப்பவனுக்கும் ஞானத்தில் இருப்பவனுக்கும் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. பத்தாம் நாள் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆதிலட்சுமி வரவில்லை. முதல் வாரம் ஒன்பது தடவை போன் அடித்தாள். வீம்புக்கு எடுக்கவில்லை. அதற்குப் பிறகு போன் வருவதும் நின்றுவிட்டது. அவ்வளவுதான், தலைமுழுகிவிட்டாள் என்று மண்ணாங்கட்டி நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. போய் நின்றால் யாருய்யா நீ என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் மூன்று வருடம் ஓடியது.

பேசாமல் இருக்கத்தான் முடியவில்லை. வயிறு உப்பி வெடித்துவிடும் போலிருந்தது. போனில் குரல் பதிவு செய்யும் பொத்தான் ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்து, காலையில் அதனிடம் கொட்டித் தீர்த்தார். மூட்டுவலி, குரங்குத் தொல்லை, பக்தர்கள் கொண்டுவரும் சாப்பாட்டின் லட்சணம், ஆதிலட்சுமி வைக்கும் காரக்குழம்பு. பேசி முடித்துப் பொத்தானை அமுக்கினால் மனசு லேசாகிவிடும். அது எங்கே போகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

இப்போது சிக்கல் வேறு ரூபத்தில் வந்தது. சாமியின் தலைமை பக்தர் மணிவேல், உரக்கடை வைத்திருப்பவர், சாமி எழுதிக் காட்டும் வாசகங்களைப் பௌர்ணமிக்குப் புத்தகமாகப் போட முடிவு செய்திருந்தார். எழுதிக் காட்டுவதற்காக ஒரு பெங்களூர் பக்தர் சிம் இல்லாத டேப்லெட் ஒன்றை வாங்கி, சாமியின் போன் ஐடியையே அதிலும் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் சாமி ஒரு நாள் 'பசிக்கிறது' என்று எழுதினார். மணிவேல் கண் கலங்கி, அது முதல் பக்கத்தில் வர வேண்டும் என்றார். பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள்தான். ஆனால் டேப்லெட்டில் எழுதிய ஒரு வாசகமும் மணிவேலின் போனுக்கு வந்து சேரவில்லை.

அதனால் அன்று காலை பத்து மணிக்கு தேவிப்ரியா வந்தாள். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்களின் லேப்டாப்பையும் போனையும் பழுது பார்க்கிறவள். சாமியைப் பார்த்ததும் எல்லோரும் விழுவதுபோல் அவள் விழவில்லை. டேப்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சாமி, இதுல போட்டிருக்கிற ஐடியே உங்க போன்லயும் இருக்குங்களா?"

மண்ணாங்கட்டிக்குத் திக்கென்றது. போன் வேண்டாம் என்று எழுத அவர் பேனாவைத் தேடுவதற்குள், மணிவேல் சாமியின் மடியிலிருந்தே போனை உருவிக் கொடுத்துவிட்டார். பக்தி முற்றினால் மரியாதை போய்விடுகிறது.

தேவிப்ரியா இரண்டையும் தட்டிப் பார்த்தாள். "ஒரே ஐடில மூணு மிஷின் ஓடுதுங்க. இந்த டேப், இந்த போன், இன்னொரு போன். அதும் இதே மாடல்தான். காலைல ஆறு பத்துக்குக்கூட ஓடியிருக்கு. யாருது?"

மண்ணாங்கட்டிக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூர் கடையில் ஆடி மாதம் ஜோடி ஆஃபர் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இரண்டு போன். கடைக்காரன், "குடும்பத்துக்கு ஒரே ஐடி போதும்ணே, பாஸ்வேர்டு மறக்காது" என்று சொல்லி இரண்டிலும் ஒன்றையே போட்டுக் கொடுத்தான். அந்த ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அப்படித்தான். மண்ணாங்கட்டி தெரியாது என்று தலையாட்டினார்.

"சரி வுடுங்க. இதுக்கு வியாதி இன்னான்னு தெரிஞ்சுபோச்சு. டேப்ல சிம் இல்ல, இங்க வைஃபையும் இல்ல. அப்புறம் எப்படிங்க போவும்?" என்றவள், தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட்டைத் திறந்து டேப்லெட்டையும் சாமியின் போனையும் அதில் இணைத்தாள்.

டிங் என்றது. மணிவேலின் போனில் 'பசிக்கிறது' வந்து இறங்கியது. மணிவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் டிங் நிற்கவில்லை. சாமியின் போனும் டேப்லெட்டும் மாறி மாறிக் கத்தின. நூறு, முந்நூறு, எண்ணூறு என்று ஏதோ ஏறிக்கொண்டே போனது.

"இன்னாது இது, எல்லாம் ஆடியோவா கீது?" என்று தேவிப்ரியா ஒன்றைத் தட்டிவிட்டாள்.

மண்ணாங்கட்டி பாய்ந்தார். முட்டி இடம் கொடுக்கவில்லை. கொட்டகை முழுக்க அவர் குரல் கணீரென்று கேட்டது.

"இந்த மணிவேலு கீறானே, உரக்கட. அவன் வூட்டு சாம்பார்ல உப்பும் இல்ல, ஒரப்பும் இல்ல. மாட்டுக்கு வெக்க வேண்டியத எனக்கு வெச்சிட்டு கால்ல வேற வுழுவுறான்."

மணிவேலின் முகம் கறுத்தது. மூன்று வருடமாகக் காலடியிலேயே கிடந்தவர். சாமியின் குரலை ஒரு நாளும் கேட்டதில்லை. "யாரு சாமி இவன்? என் வூட்டு சாம்பாரப் பத்தி இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று சாமியிடமே நியாயம் கேட்டார். மண்ணாங்கட்டி கண்ணை மூடிக்கொண்டார். தியானம் என்று நினைத்து மணிவேல் அடங்கிப்போனார்.

தேவிப்ரியா விவரமானவள். சாமியின் முகத்தையும் போனையும் ஒரு தடவை பார்த்தாள், புரிந்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கலாம் என்று டேப்லெட்டில் கை வைத்தபோது அடுத்த பதிவு தானாக ஓடியது. அது ஒரு பெண்ணின் குரல்.

"யோவ். உப்பு இல்லன்னா எழுதிக் காட்ட வேண்டியதுதான, கை இன்னா முறிஞ்சா பூட்ச்சு? முட்டிக்கு நொச்சி எல வெச்சி ஒத்தடம் குடுக்கச் சொன்னேன், குடுத்தியா இல்லியா? இங்க கடல புடுங்கியாச்சு. நான் வரட்டுமா? வந்து கூட்டிகினு போவட்டுமா? சொல்லு."

மண்ணாங்கட்டி கண்ணைத் திறந்தார். டேப்லெட்டைப் பிடுங்கித் தேதியைப் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு, ஒரு மார்கழி. அடுத்ததைத் தட்டினார். அதுவும் ஆதிலட்சுமிதான். அதற்கடுத்ததும் அவள். குரங்கைப் பற்றி அவர் புலம்பிய மறுநாள் குரங்கைத் திட்டியிருந்தாள். காய்ச்சல் என்று அவர் முனகிய அன்றைக்கு மூன்று தடவை பேசியிருந்தாள். எல்லாம் ஒரே கேள்வியில்தான் முடிந்தன. வரட்டுமா?

"இது ஏன் எனக்கு வரல?" என்று எழுதிக் காட்டினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

தேவிப்ரியா அவருடைய போனின் செட்டிங்கைத் திறந்தாள். "மேல ஏத்துறது சிம்லயே போவுது சாமி. கீழ இறக்குறதுக்கு மட்டும் வைஃபை வேணும்னு டிக் போட்டு வெச்சிருக்காங்க, டேட்டா கம்மியா ஆவுட்டும்னு. அவங்க போன்ல அந்த டிக் இருக்காது, நீங்க பேசுனது அத்தனையும் அவங்களுக்குப் போயிருக்கு. அவங்க பேசுனது ஒண்ணுகூட உங்களுக்கு வரல."

பதிவுகளில் போகப் போக ஆதிலட்சுமியின் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. போன வருடத்துப் பதிவு ஒன்றில், "உன் பாட்டுக்கு கொரங்கு, கொழம்புன்னு பேசிகினே கீற. நான் கேக்குறதுக்கு மட்டும் வாய்ல பதிலே வர மாட்டேங்குது" என்றிருந்தாள். கடைசியாக இருந்தது அன்று காலை ஆறு பத்துக்குப் பேசியது. பன்னிரண்டே வினாடி.

"இதான் கடசி. இனிமே கேக்க மாட்டேன். இந்த போன இன்னிக்கி தம்பி பொண்டாட்டியாண்ட குடுத்துடுறேன். நல்லா இரு."

மண்ணாங்கட்டிக்குப் பௌர்ணமி, புத்தகம், மானம் மரியாதை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. போனை எடுத்து அடித்தார். ஏழு தடவை மணி அடித்தபிறகு அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தான்டி, லட்சுமி" என்றார் மௌனசாமி.

வாசலில் நின்ற நான்கு பக்தர்கள் தொப்பென்று விழுந்தார்கள். குகைக்குள்ளிருந்து எழும்பிய நாதம் என்று மணிவேல் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது சளி.

"போன குடுத்துடாத. நீ பேசுனதெல்லாம் இப்பதான்டி கேட்டேன். எல்லாம் இப்பதான் வந்துச்சு."

"மூணு வருசமா வராதது இன்னிக்கி வந்துச்சா?"

"வைஃபை இல்லடி."

"யோவ், கண்ணாலம் கட்டுன நாள்லேர்ந்து நீ சொன்ன பொய்யிலயே இதான்யா பெரிய பொய்."

"சத்தியமாடி. இங்க ஒரு பொண்ணு கீது, அதாண்ட வேணா கேளு."

"பொண்ணா? எந்தப் பொண்ணு?"

மண்ணாங்கட்டி அவசரமாகப் போனை தேவிப்ரியாவின் கையில் திணித்தார். அவள் மேலே ஏறுவது, கீழே இறங்குவது, டிக் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். மணிவேலும் உட்கார்ந்து கேட்டார். சாம்பார் விஷயம் யார் சொன்னது என்பது அப்போதுதான் அவர் மண்டையில் இறங்கியது.

"அப்போ நான் பேசுனது ஒண்ணுமே அந்தாளு காதுல வுழலியா?" என்றாள் ஆதிலட்சுமி.

"வுழலீங்க."

"திட்டுனதுகூடவா?"

"எதுவுமே போய்ச் சேரலீங்கக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, அவராண்ட குடு."

மண்ணாங்கட்டி போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"திட்டுறதெல்லாம் வூட்டுக்கு வந்தப்புறம் மொதல்லேர்ந்து திட்டுறேன்" என்றாள். "இப்ப கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் வரட்டுமா?"

"வேணாம். நானே வரேன்."

"முட்டி அந்த வலி வலிக்குதுன்னு முந்தாநேத்துகூட பொலம்புனியே, பஸ்ல ஏறிடுவியா?"

ஏறிடுவேன் என்று சொல்லத்தான் மண்ணாங்கட்டி வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. பக்தர்கள் பார்க்கப் பார்க்க, தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். மணிவேல் சாம்பார் கோபத்தோடு எழுந்து, பைக் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க சாமி, நானே கொண்டுபோய் வுடுறேன்" என்றார்.