தோளில் ஒரு குழந்தைக்கு இடம்

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு, சாந்தகுமாரியின் உடம்பு நினைத்த நேரத்தில் பற்றிக்கொண்டது. நெஞ்சிலிருந்து கிளம்பும் சூடு கழுத்தேறி, காது மடலைச் சுட்டு, முதுகெல்லாம் வேர்வையாக வடியும். அதைக்கூடத் தாங்கியிருப்பாள். தாங்க முடியாதது வேறு.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் தன் வீட்டு முன்னறையில், ஆபீஸ் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் தாரணி தோளில் போட்டால்தான் தூங்குவாள். சூடு ஏறும்போது அந்தச் சின்ன உடம்பு மேலே கிடந்தால் சாந்தகுமாரிக்கு மூச்சு முட்டியது. ஒருநாள் தூங்குகிற பிள்ளையைப் பிய்த்தெடுத்துப் பாயில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். தாரணி வீறிட்டாள். பிள்ளையைத் தள்ளிவிட்ட கை தன்னுடையதுதானா என்று அவளுக்கு நம்ப முடியவில்லை. இனி குழந்தைகள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானோ என்ற எண்ணம் ஜெபத்தின் நடுவிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

“கீஸரை வித்துடலாம். உன் பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி வெச்சா போதும், கொதிச்சிடும்,” என்றார் கணவர் ஓஸ்வால்ட்.

“சிரிங்க. உங்களுக்கு வந்திருந்தா ஊரையே கூட்டி ஒப்பாரி வெச்சிருப்பீங்க.”

சிரித்தவர்தான் மறுநாள் கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் ஃபாத்திமா பரிசோதனைகளெல்லாம் முடித்துவிட்டு, ஹார்மோன் மருந்து கொடுக்கலாம் என்றார். மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, தடவும் ஜெல் என்று மூன்றையும் மேஜைமேல் காட்டினார். “உங்க பிரஷருக்கு மாத்திரைய விட மத்த ரெண்டும் நல்லது. எது வசதின்னு நீங்களே சொல்லுங்க. என்ன வேலை பாக்கறீங்க?”

“வேலையெல்லாம் இல்ல டாக்டர். வீட்லதான்.”

“வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?”

“இல்ல. ஒரே பையன், வேலைக்குப் போறான்.”

குளித்ததும் பவுடர் போடுவதுபோலத் தடவிவிட்டால் முடிந்தது என்று ஜெல்லைத் தேர்ந்தெடுத்தாள். கர்ப்பப்பையின் பாதுகாப்புக்கு இரவில் ஒரு மாத்திரையும் உண்டு. “தடவின எடத்துல வேற யார் தோலும் படக் கூடாது. முக்கியமா கொழந்தைங்க,” என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை கைகளில் ஜெல் தடவிக் காயவிட்டு வாசலுக்கு வந்தாள். தாரணியின் அம்மா வைஷ்ணவி ஸ்கூட்டரை நிறுத்தினாள். தாரணி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தாவினாள். ஏந்தப் போன சாந்தகுமாரி சட்டென்று கைகளைப் பின்னுக்கு இழுத்தாள்.

“என்ன ஆன்ட்டி? என்னாச்சு?”

பிள்ளை பார்ப்பதை அவள் ஒருநாளும் வேலை என்று எண்ணியதில்லை. அதனால் டாக்டர் கேட்டபோது இந்த முகங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் இவள் வேறு இடம் தேடிப் போய்விடுவாள். ஆனாலும் உடம்புச் சூட்டையும் ஜெல்லையும் பற்றிச் சொன்னாள், தரையைப் பார்த்தபடி.

வைஷ்ணவி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “இதுக்கா இப்படி முழிக்கிறீங்க? சேலத்துல எங்கம்மா திடீர்னு தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு எங்க எல்லாரையும் திட்டும். பைத்தியம்னு நெனச்சோம் ஆன்ட்டி. ஏன்னு அது சொல்லவே இல்ல, நாங்களும் கேக்கல. மொதல்ல டாக்டருக்கு ஃபோன் போடுங்க. ஆபீஸுக்கு நான் லேட்டா போய்க்கறேன்.”

ஃபோனில் டாக்டர் சிரித்தேவிட்டார். “வீடு நெறையப் பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு வேலை இல்லன்னீங்களே!” பிறகு நிதானமாகச் சொன்னார்: “முழுக்கை போட்டு மறைக்கலாம், தொடையில தடவலாம். ஆனா அவசரத்துல ஒருநாள் மறந்துட்டா? உங்களுக்குப் பட்டைதான் சரி. இடுப்புக்குக் கீழ ஒட்டணும், வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்தணும். கெழமைய மறக்காம இருப்பீங்களா?”

“ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போவேன். வியாழக்கெழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயில்ல நவநாள் ஜெபம். அந்த ரெண்டு நாளும் எனக்கு எப்பவும் தப்பாது டாக்டர்.”

“அப்போ குளிச்சிட்டுக் கெளம்பறதுக்கு முன்னால மாத்திடுங்க.”

பட்டையை மெடிக்கல் ஷாப்பில் சொல்லித்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. அது வரும்வரை வைஷ்ணவி வீட்டிலிருந்தே வேலை செய்து தாரணியைப் பார்த்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களிடமும் அவளே பேசினாள். அவர்களும் அந்தச் சில நாள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டார்கள்; யாரும் வேறு இடம் தேடிப் போகவில்லை. இத்தனை பேருக்குத் தெரிந்தும் கூசாமல் இருக்கிறோமே என்று சாந்தகுமாரிக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்த கனமான பாத்திரத்தின் மறுபக்கத்தை யாரோ வந்து தாங்கியதுபோல் இருந்தது.

சில வாரங்களில் சூடு குறைந்தது. முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் வந்தாலும் ஒரு மடக்குத் தண்ணீரில் அடங்கியது.

ஒரு மத்தியானம் தாரணி அவள் தோளில் தூங்கிப்போனாள். கழுத்தோரம் ஈரம் கசிவதை உணர்ந்ததும் சாந்தகுமாரிக்குப் பழைய பயம் எழுந்தது. அசையாமல் காத்திருந்தாள். நெஞ்சில் சூடு இல்லை, காது சுடவில்லை. ஈரம் தாரணியின் நெற்றியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

முந்தானையால் பிள்ளையின் நெற்றியை ஒற்றினாள். “தேங்க்ஸ் சாமி,” என்று மெல்லச் சொன்னாள். பிறகு டாக்டரை, வைஷ்ணவியை, பக்கெட் தண்ணீர்க்காரர் ஓஸ்வால்ட்டையும் அதில் சேர்த்துக்கொண்டாள்.