தொடர்புடைய நபர்

காவல்துறைப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னல் திறப்பதற்கு முன்பே வரிசை மாடிப்படி வரை வந்துவிட்டது. விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவள், சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்து நின்றாள். பஸ் ஓட்டுநரான அவள் கணவன் காகித உறையை மார்போடு அணைத்தபடி பக்கத்தில் நின்றான்.

"பையில வைங்களேன். கைக்குழந்தையா அது?"

"தொலைஞ்சா என்னைத்தானே வறுத்தெடுப்ப."

உறைக்குள் இருந்தது வெளிநாட்டிலிருந்து வந்த மறுப்புக் கடிதம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம், தினமும் விடுதி வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய், 'எங்கே வலிக்கிறது', 'மெதுவாகத் திரும்பிப் படுங்கள்' என்றெல்லாம் அந்த ஊர் மொழியில் சொல்லப் பழகியிருந்தாள். விசா கேட்டதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: குற்ற வழக்கு ஒன்றில் தொடர்புடைய நபர்.

எந்த வழக்கு என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. நான்கு வருடங்களுக்கு முன்பு விடுதியின் மூன்றாம் மாடியில் ஒருவருடைய நகைப்பெட்டி காணாமல் போனது. அந்த மாடியில் வேலை பார்த்த பதினோரு பேரிடமும் போலீஸ்காரர்கள் கைரேகை எடுத்தார்கள். "உங்க ரேகையை ஒதுக்கிட்டாத்தான் திருடனோடது எதுன்னு தெரியும். பயப்படாதீங்க" என்றார் மேலாளர். பக்கத்து அறையில் தங்கியிருந்தவன்தான் திருடன். தப்பி ஓடிய அவனை அந்த வெளிநாட்டில்தான் பிடித்தார்கள். வழக்கு முடிந்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

அவளுடைய முறை வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கணினியில் எதையோ தேடினார்.

"எங்க பதிவுல நீங்க இல்லம்மா. வழக்கு முடிஞ்சதும் அழிச்சாச்சு."

"அப்ப அங்க எப்படிங்க இருக்கு?"

"அவனைப் பிடிக்க இங்கேர்ந்து எல்லா ரேகையும் போச்சு. அதுல உங்களோடதும் போயிருக்கு."

"என்னை வேலைக்காரின்னு எழுதி அனுப்பினீங்களா, திருடின்னு எழுதி அனுப்பினீங்களா?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் படிவத்துல ஒரே கட்டம்தாம்மா. தொடர்புடைய நபர்."

கணவன் ஜன்னலை ஒட்டி வந்தான். "வேலை முடிஞ்சா அங்கயும் அழிக்க வேண்டாமா சார்?"

"அழிக்கணும்னு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினோம். இதோ, அனுப்பின கடிதத்துல ஏழாவது வரி."

"அழிச்சாங்களான்னு கேட்டீங்களா?"

"கேக்கறதுக்குன்னு ஒரு அதிகாரி இருந்தார். மாற்றலாகிப் போயிட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரல."

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். முதியோர் இல்லத்திலிருந்து நேற்றுத் தொலைபேசியில் பேசிய பெண், பதினைந்தாம் தேதி வரைதான் இடத்தை வைத்திருக்க முடியும் என்று வருத்தத்தோடு சொல்லியிருந்தாள். இன்று ஒன்பதாம் தேதி.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றாள் அவள்.

"நீக்கச் சொல்லி மனு போடுங்க. ஆறு மாசம் ஆகலாம், முன்னப்பின்ன ஆகும்." அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். அவள் நின்றபடியே எழுதினாள். பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், அப்பா பெயர், வேலை செய்யும் இடம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, எழுத்தர் பச்சை வெளிச்சம் எரியும் சின்னக் கருவி ஒன்றை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார்.

"பத்து விரலும் வைக்கணும்."

"எதுக்கு?"

"மனு போட்டது நீங்கதான்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? இது நேரா அங்க போயிடும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் உறையின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தான். அவள் கட்டைவிரலைச் சீருடையில் துடைத்துவிட்டுக் கருவியின் கண்ணாடி மேல் வைத்தாள். தரை கழுவும் திரவத்தில் தேய்ந்துபோன விரல். கருவி சிவப்பாக மின்னியது.

"பதியல. நல்லா அழுத்துங்கம்மா."

அவள் மறு கையால் விரலைப் பிடித்து, நகம் வெளுக்க அழுத்தினாள்.