மயிலைப் பற்றி மக்கள் சொல்லாதது

திருத்தணிக்குப் படப்பெட்டியோடு வரும்போதெல்லாம் நீலமேகம் காட்சி முடிவதற்குக் கால் மணி நேரம் முன்பே கொட்டகையை விட்டு வெளியே வந்துவிடுவார். பெண்கள் வெளியேறும் வாசலுக்கும் சோடாக் கடைக்கும் நடுவே, யாருக்கோ காத்திருப்பவரைப் போல முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். யாரையும் எதுவும் கேட்க மாட்டார். கேட்டால் மனிதர்கள் மரியாதைக்கு ஒரு பதில் சொல்வார்கள். கேட்காதபோது தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் கருத்து. பத்தொன்பது வருஷம் சினிமாக் கம்பெனியின் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியதில் அவர் கண்டுகொண்ட உண்மை அது. வாசலிலிருந்து பத்தடி தூரம்வரைதான் ஜனங்கள் படத்தைப் பற்றிப் பேசுவார்கள். பதினோராவது அடியில் பஸ்ஸின் ஞாபகம் வந்துவிடும், அல்லது வீட்டில் ஊறப்போட்ட அரிசியின் ஞாபகம். அந்தப் பத்தடிக்குள் காதில் விழுந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதி, அன்றைய ரயிலிலேயே சென்னையிலிருந்த முதலாளிக்கு அனுப்பிவிடுவார். முதலாளி வேறு யாருடைய பேச்சையும் நம்பாவிட்டாலும் நீலமேகத்தின் தாளை நம்புவார்.

இந்த முறை வந்தது ஒரு குடும்பச் சிரிப்புப் படம். மனிதர்கள் நிஜமாக நடித்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு மயில் மட்டும் கையால் வரைந்த சித்திரமாக ஓடியாடியது. ஒரு வக்கீல் குமாஸ்தாவின் வீட்டில் அது குடியேறி, மாமியார் சொன்னதை மருமகளிடமும் மருமகள் சொன்னதை மாமியாரிடமும் மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் இரண்டு பேரிடமும் துடைப்பத்தால் அடி வாங்கும். நிஜ மனிதரும் சித்திரப் பறவையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடும் வேடிக்கை முதலாளிக்கே புரிபடவில்லை.

"பொம்மை வர்ற எடத்தை ஜனங்க ரசிக்கிறாங்களான்னு பார்த்து எழுதுப்பா. ரசிக்கலேன்னா எல்லாப் பிரிண்டுலயும் வெட்டிடலாம். படமும் சின்னதாகும்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடியும் நேரத்தில் நீலமேகத்துக்கு வலது முழங்கால் வீங்கிப் பிடித்துக்கொண்டது. அரக்கோணத்தில் இரண்டு மணி நேரம் நின்று ரயில் மாறி வந்தவர். மானேஜர் அறையின் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு மனமில்லை. ஐம்பத்தாறு வயதில், எத்தனை ஊர் வாசலில்தான் ஒரு மனிதன் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பது என்று தோன்றியது.

"இன்னா சார், இன்னிக்கு வாசலுக்குப் போகலியா?" என்று கேட்டார் மானேஜர் ஜம்புலிங்கம்.

"முட்டி மடங்கலைங்க. நீங்க உள்ளதான இருந்தீங்க, ஜனங்க எப்படி?"

ஜம்புலிங்கம் நல்லவர், ஆனால் இலை அசைந்தாலும் புயல் என்று பயப்படுகிறவர். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், இது முருகன் ஊரு. மலைமேல சாமி, படத்துல சாமியோட மயிலைத் தொடப்பத்தால சாத்தறாங்க. அடுத்த மாசம் ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடி தூக்கும். சனம் கொதிச்சுப் போயிருக்குது. மயிலு வர்ற எடத்தையெல்லாம் எடுத்துருவோம் சார். நீங்க தலைய ஆட்டுனா போதும்."

கம்பெனிப் பிரதிநிதியின் சம்மதமில்லாமல் கொட்டகைக்காரர்கள் படத்தில் கை வைக்கக் கூடாது. நீலமேகம் தலையை ஆட்டினார். பிறகு தாளை எடுத்து, 'இவ்வூர் மக்கள் மயில் வரும் காட்சிகளை ஒருமனதாக வெறுக்கிறார்கள். தாய்மார்கள் எழுந்து போனார்கள்' என்று எழுதி, ரயில் கார்டிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஒரு காட்டில் சிங்கத்துக்குச் சேதி கொண்டுவரும் நரி ஒன்று இருந்ததாம். நாள்தோறும் காடு முழுக்கச் சுற்றிவந்த அந்த நரி, ஒருநாள் கால் வலிக்கிறதென்று குகை வாசலிலிருந்த ஆந்தையைக் கேட்டுவிட்டு, 'காடே இப்படிச் சொல்கிறது, மகாராஜா' என்றதாம். அதனால் எந்த மானின் வழி அடைபட்டது என்பது நரிக்குத் தெரியாது. நீலமேகத்துக்கும் அன்றைக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து முதலாளி டிரங்கால் போட்டுப் பேசினார். "நல்லவேளை எழுதினே. நாளைக்கு வேலூர், குடியாத்தம் எல்லா ஊர்லயும் மயிலை வெட்டச் சொல்லிடறேன்." நீலமேகம் சரிங்க என்றார்.

அன்று மதியக் காட்சிக்கு அம்மையார்குப்பத்திலிருந்து பதினோரு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நெசவுக்காரக் குடும்பங்கள். முன்னால் வந்த நடுத்தர வயதுப் பெண்மணி சுவரொட்டியில் இருந்த மயிலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற நீலமேகத்தைக் கொட்டகைக்காரர் என்று எண்ணிப் பேசினாள்.

"சார், இந்த மயிலுக்கு எங்க பொண்ணுதாங்க கலர் குடுத்தது. அம்சான்னு பேரு. ரெண்டு வருசமா மெட்ராஸ்ல இதான் வேலை. மயிலு ஒருதபா தலையத் திருப்பணும்னா இருபது படம் போடணுமாம். கழுத்துக்கு எந்த நீலம்னு கேட்டாங்களாம், எங்கம்மா நூலுக்குப் போடற நீலம்னு சொன்னாளாம்."

"கோமளவல்லி, உள்ள வா. கதைய அவர்கிட்ட அப்புறம் சொல்லலாம்" என்றார் கூட வந்த பெரியவர். அவர் வீராசாமி, அவருடைய மகனுக்குத்தான் அம்சாவைப் பேசியிருந்தார்கள்.

"சம்பந்திக்கு நம்பிக்கையே இல்லிங்க. வயசுப் பொண்ணு மெட்ராஸ்ல தனியா இன்னா பண்றான்னு தெருவே கேக்குது. அமாவாசை அன்னிக்குத்தான் தறி ஓடாது, அதுவரைக்கும் படம் ஓடுமோ ஓடாதோன்னு, தறிய நிறுத்திட்டு எல்லாரையும் இட்டாந்துட்டேன். இன்னிக்குப் பாத்துட்டா ஒரு வாயும் பேசாது."

அந்த இடத்தில் நீலமேகம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீட்டு வாங்காதீர்கள், மயில் இல்லை என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டும். "போங்கம்மா, மணி அடிச்சிட்டாங்க" என்றார்.

காட்சி முடிகிற நேரத்தில் அவர் வழக்கமான இடத்தில் போய் நின்றார். கால் வலித்தது. அம்மையார்குப்பத்துப் பெண்களின் பேச்சு முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"அந்த வக்கீல் குமாஸ்தா ஏன் அக்கா ஜன்னலப் பாத்துத் தனியா பேசிக்கினு இருந்தான்? பைத்தியமா அவன்?"

"மாமியாக்காரி நல்லா நடிச்சா."

"நான் மாமியாளைப் பாக்கவா தறிய நிறுத்திட்டு வந்தேன்? எங்க வூட்லயே இருக்குது ஒண்ணு. மயிலு எங்கடி?"

பிறகு வீராசாமியின் குரல், நிதானமாக, அதனாலேயே கொடூரமாக: "போஸ்டர்ல மயிலு இருக்குது. படத்துல ஒரு எறகுகூட இல்லை. ரெண்டு வருசம் மயிலுக்குக் கலர் அடிச்சேன்னு எழுதினாளே, அப்ப ரெண்டு வருசமா அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தா?"

"அண்ணே, பஸ்ஸுல பேசிக்கலாம்" என்றாள் கோமளவல்லி.

"பஸ்ஸுல இன்னா பேசறது. இனிமே பேசறதுக்கே ஒண்ணுமில்ல."

நீலமேகம் திரும்பிப் பார்த்தார். அவர்கள் பஸ் நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து நடந்தார்கள். கோமளவல்லி மட்டும் நாலடி பின்னால் நடந்தாள்.

சோடாக் கடையில் நாகேந்திரன் நின்றிருந்தார். மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கும் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு மனைவியோடு வந்தவர். நீலமேகம் தம் வழக்கத்தை விட்டு, நேரே போய்க் கேட்டார்.

"ஏங்க, அன்னிக்கு மயிலை அடிச்சதுல உங்களுக்கெல்லாம் ரொம்பக் கோபமாமே?"

"யாருக்கு?"

"உங்க ஊர்க்காரங்களுக்கு."

நாகேந்திரன் கோலி சோடாவை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "எங்களுக்குக் கோவம் வந்ததே நீங்க சொல்லித்தான் சார் தெரியுது. சாமி மயிலு வேற, அது கம்பீரமா நிக்கும். இது மாமியாளுக்கும் மருமகளுக்கும் நடுவுல மாட்டிக்கினு முழிக்குது, என்னை மாதிரி. எங்க வூட்டுக்காரி சிரிச்சு சிரிச்சு, நேத்து அவங்க அக்காவை அனுப்பினா. அது வந்து, மயிலே வரல, நீ பொய் சொல்றேன்னு இவகிட்ட சண்டை. ஏன் சார் எடுத்தீங்க?"

நீலமேகம் கொட்டகைப் பக்கம் திரும்பினார். ஒரே தாளில் எழுதிய இரண்டு வரி, இந்த ஊரில் ஒருத்தியையும் அந்த ஊரில் ஒருத்தியையும் பொய்க்காரியாக்கியிருந்தது. நாளைக்கு வேலூரில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டால், அம்சா கலர் கொடுத்த மயில் எந்த ஊரிலும் இருக்காது. அவள் சொன்னதற்குச் சாட்சியும் இருக்காது.

படிகளில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஆபரேட்டர் அறைக்கு ஏறினார். ஆபரேட்டர் துரைக்கண்ணு வெட்டிய துண்டுகளை வீணாக்கவில்லை. ஒரு தகர டப்பாவில் வரிசை எண் போட்டு வைத்திருந்தான்.

"ஒம்பது துண்டு சார். ஒட்டிடலாம். எனக்கு அந்த மயிலு புடிக்கும். ஆனா என்னை யாரு கேட்டாங்க."

கீழே வந்து மானேஜர் அறையில் சென்னைக்கு அவசர டிரங்கால் பதிவு செய்தார். ஜம்புலிங்கம் எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பயந்துதான் சொன்னேன் சார். ஆனா மூணு பேரு கொதிச்சாங்கன்னு நெனைச்சேன்."

"யாரு அந்த மூணு பேரு?"

ஜம்புலிங்கம் யோசித்தார். "நான் ஒருத்தன்" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் லைன் கிடைத்தது. நீலமேகம் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நான் அனுப்பினது மக்கள் கருத்து இல்லைங்க. வாசல்ல நிக்காம, அறையில உட்கார்ந்து எழுதிட்டேன். யாரும் எழுந்து போகலை. மயிலை எங்கேயும் வெட்ட வேணாம்."

மறுமுனையில் முதலாளியின் குரல் இரைச்சலைத் தாண்டி உயர்ந்தது: "அப்ப பத்தொம்பது வருஷமா நீ எழுதினதெல்லாம் இப்படித்தானா?"

"இது ஒண்ணுதாங்க. ஆனா அதை நீங்க நம்பணும்னு நான் கேட்க முடியாது."

"வெட்டறதை நிறுத்தச் சொல்றேன். நீ வியாழக்கிழமை பெட்டியோட ஆபீசுக்கு வா. உன் விஷயம் அப்புறம்."

அன்று மாலைக் காட்சியில் மயில் வந்தது. துடைப்பம் விழுந்தபோது கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. நீலமேகம் சுவரில் சாய்ந்தபடி அதைக் கேட்டார், சந்தோஷப்படத்தான் முடியவில்லை. சிரித்தவர்களில் அம்மையார்குப்பத்துக்காரர்கள் இல்லை.

திங்கட்கிழமை காலையில் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆர்.கே. பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார். அம்மையார்குப்பத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனபோது, தெருவின் இரு பக்கமும் தறிச் சத்தமாக இருந்தது. கோமளவல்லி வீட்டுக்குள் பாவு நூலில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். வாருங்கள் என்று சொல்லவில்லை.

"அம்மா, உங்க பொண்ணு எழுதினது நிஜம். மயில் படத்துல இருந்தது. நான் சம்மதிச்சுத்தான் வெட்டினாங்க. நேத்து நீங்க என்கிட்ட சொன்னப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உள்ள அனுப்பினேன்."

அவள் மறுபடி உட்கார்ந்து அடுத்த இழையை எடுத்தாள். "எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப் போவுது? நான் எம்பொண்ண நம்பாமலா இருக்கேன்? பஸ்ஸுல பதினோரு பேரு. எறங்கி வூடு வந்து சேர்றதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு."

"மயிலைத் திரும்பச் சேர்த்தாச்சு. வியாழக்கிழமை வரைக்கும் படம் இருக்கும். எல்லாரும் இன்னொரு தரம்..."

"மறுபடியும் தறிய நிறுத்தச் சொல்றீங்களா? நேத்து நிறுத்தினதுக்கே என்னைத் திட்டிக்கினு இருக்காங்க."

"புதன்கிழமை அமாவாசை. அன்னிக்குத் தறி ஓடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. சீட்டு என் பொறுப்பு. ஆனா அதுவரைக்கும் பேச்சு நிக்காதே. யார் யார் வீடுன்னு காட்டுங்கம்மா. நானே சொல்லிட்டுப் போறேன்."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, கையை நீட்டிக் காட்டினாள்.

முதல் வீடு வீராசாமியுடையது. அவர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். வந்தவரைப் பார்த்தும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஊடைநூல் சுமந்த நாடா இங்கும் அங்கும் ஓடியது. நீலமேகம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் ஒரு நூல் அறுந்து தறியை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது நீலமேகம், மயிலை வெட்டச் சம்மதித்தது தாம்தான் என்று சொன்னார்.

வீராசாமி நூலை முடிந்துகொண்டே கேட்டார்: "கம்பெனி ஆளு நீங்க. பொண்ணுக்காகப் பேச யாராவது அனுப்பிச்சாங்களா?"

"யாரும் அனுப்பலை. இதைச் சொன்னதால எனக்கு வேலை இருக்குமா இல்லையான்னே தெரியலை. புதன்கிழமை வந்து பாருங்க. அந்தக் கழுத்து நீலத்தைப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

"நேத்து நான் வேற அதிகமா பேசிட்டேன்" என்றார் வீராசாமி, நூலைப் பார்த்தபடி. முடிச்சை இறுக்கிவிட்டுத் தலையைத் தூக்கினார். "அடுத்த வூட்டுல தாயம்மாளுக்குக் காது மந்தம். பஸ்ஸுல கேட்டதைவிட ரெண்டு மடங்கு ஊருக்குச் சொன்னது அதுதான். சத்தமா சொல்லுங்க."

தாயம்மாள் வாசலில் ராட்டையை வைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நீலமேகம் அவள் எதிரே சிரமப்பட்டுக் குந்தி, "மயிலை வெட்டினது நான்தாம்மா. கோமளவல்லி பொண்ணு பொய் சொல்லலை" என்றார். "ஆங்?" என்றாள் அவள். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தியபோது எதிர்ச்சாரியில் இரண்டு தறிகள் நின்றன. ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. அவர் முழங்காலை ஊன்றி எழுந்து, அந்தப் பக்கமாகத் திரும்பி, அவர்களுக்கும் அதையே சொன்னார்.