முகப்புப் படிகள்

காலை எட்டே முக்கால். பாரம்பரியக் கட்டடக் குழுவின் தலைவர் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

நகர மன்றத்தின் முகப்புப் படிகளை ஒட்டிச் சாய்தளம் கட்ட அனுமதி கேட்டு, அக்கா இரண்டு வருடமாக நடையாய் நடக்கிறாள். அவள் அங்கே பொறியாளர். தம்பிக்கும் அங்கேதான் வேலை, பிறப்புப் பதிவுப் பிரிவில். சக்கர நாற்காலியில் வருபவனுக்குக் குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்வாசல்தான் வழி. தலைவரிடம் ஒரே பதில்: "முதல்ல கட்டினவர் வச்சதை மாத்தக் கூடாதும்மா." இன்று கடைசி முடிவு.

"அவர் மாட்டேன்னு சொன்னா விட்டுடுக்கா," என்றான் தம்பி, படிகளுக்குக் கீழே முற்றத்தில் இருந்தபடி. "குப்பைத் தொட்டிங்க என்னோட நல்லாப் பழகிடுச்சு. லீவு போட்டா தேடும்."

"வாயை மூடுடா."

வாசலை ஒட்டிய மேல்படி உள்வாங்கியிருந்தது. தலைவர் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று கொத்தனாரை வரவழைத்திருந்தாள். அவர் கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் புரட்டினார். அக்கா குனிந்தாள். பிறகு முழங்காலிட்டாள்.

வாசல் மட்டத்துக்கு மேலே சுவரெல்லாம் இழைத்த கல். படிக்குப் பின்னால் இருந்த சுவரோ கரடுமுரடாக, சுண்ணாம்பு பிதுங்கி, மண் அப்பிக் கிடந்தது.

"இது அஸ்திவாரம்ணே. மண்ணுக்குள்ள இருந்தது."

"ஆமாம்மா. வெளிய தெரியுற சுவரை இப்படியா விடுவான்?"

அப்படியென்றால் தரை ஒரு காலத்தில் வாசல் மட்டத்தில் இருந்திருக்கிறது. பிறகு யாரோ முற்றத்தைச் சாலை மட்டத்துக்கு வெட்டித் தாழ்த்தி, அந்தரத்தில் நின்ற வாசலுக்குப் படி வைத்திருக்கிறார்கள்.

தலைவர் வந்தார். பெயர்ந்த கல்லைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

அக்கா டார்ச்சை நீட்டினாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினார்.

"படி பின்னாடி வந்ததா?"

"ஆமா சார். முதல்ல கட்டினவர் வச்சது சமதரை."

"நானும் இத்தனை வருஷமா இந்தப் படிக்குக் காவல் இருந்திருக்கேன்," என்றார். லேசாகச் சிரித்தார்.

கீழிருந்து தம்பி கேட்டான். "என்னக்கா, சாய்தளம் உண்டா, இல்லையா?"

தலைவர் அவனைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார்.

"சாய்தளம் வேணாம்."

அக்காவின் முகம் தொங்கிப்போனது. அவர் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"ஏம்மா, சாலையிலேர்ந்து மெல்ல ஏறுற மாதிரி முற்றத்தையே பழையபடி வாசல் மட்டத்துக்கு உயர்த்திட முடியுமா?"