கூப்பனுக்குப் பின்னால் இருந்த கட்டம்

இதில் எது நடந்தது, எது நான் பிறகு சேர்த்துக்கொண்டது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கீழ்ப்பாதியை அடைத்திருந்த ஒரே ஒரு படக்கட்டம். அதைப் பார்த்தேன் என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். பார்த்தேனா என்று கேட்டால், இப்போது சொல்லத் தெரியவில்லை.

புத்தகத்தின் பெயர் செம்பருந்து. பத்தொன்பது இதழ்களோடு நின்றுபோனது. பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அணைக்கட்டில் மதகு திறக்கும் வேலை பார்க்கும் ஒருவன். ஆபத்து என்றால் அவன் முதுகிலிருந்து சிறகு விரியும். ஒரு குறை உண்டு. சிறகு நனைந்தால் பறக்க முடியாது. அந்தக் குறைக்காகத்தான் எங்களுக்கு அவனை அவ்வளவு பிடித்தது என்று நினைக்கிறேன். எங்களுக்கு என்றால் எனக்கும் அஸ்பாக்குக்கும். இரண்டு பேரும் திண்டுக்கல்லில் ஒரே வகுப்பு. அவன் வீடு பேகம்பூரில்.

கடைசி இதழ் வந்தபோது பஸ் ஸ்டாண்டு புத்தகக்கடைக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்தது. அதை அஸ்பாக் வாங்கிவிட்டான். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த இதழாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தை மட்டும் அன்றைக்குப் படிக்க மாட்டான், மறுநாளைக்கு வைத்துக்கொள்வான். அதற்கு முந்தைய பக்கத்தில் கொட்டும் மழையில் செம்பருந்தை அணையின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். சிறகு நனைந்திருக்கிறது. அதோடு மூடிவைத்துவிட்டு, ஒருநாள் இரவலாக அவன் புத்தகத்தை என்னிடம் கொடுத்தான். கடைசிப் பக்கத்தில் என்ன நடந்தது என்று நாளைக்குத் தான் படிக்கும்வரை சொல்லிவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அந்தப் பக்கத்தின் மறுபுறத்தில் ஒரு கூப்பன் இருந்தது. பெயர், முகவரி எழுதி வெட்டி அனுப்பினால் செம்பருந்து படையில் உறுப்பினராகலாம், பித்தளை பேட்ஜ் வரும். நான் வெட்டினேன். வெட்டிய பிறகுதான் முன்பக்கத்தில் படம் இருப்பது உறைத்தது. கூப்பனைத் திருப்பிப் பார்த்திருப்பேன். பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? ஆனால் எனக்கு நினைவிருப்பது புள்ளிக்கோடும், என் பெயரை எழுதக் காட்டிய இடமும்தான். கத்திரிக்கோல் தடம் தெரியாமலிருக்க வெட்டிய ஓரத்தை, மேலே கூப்பனைப் பற்றி இருந்த வரியோடு சேர்த்து, கையால் கிழித்துவிட்டேன். என் தங்கை அம்பிகாவுக்கு அப்போது இரண்டு வயது. அவள் கிழித்துவிட்டாள் என்று சொன்னேன்.

அஸ்பாக் அழவில்லை. கடைசியில் என்ன ஆனது என்று மட்டும் கேட்டான். பறந்துவிட்டான் என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு போயிருந்தால் பரவாயில்லை. அஸ்பாக் பெரியவனாகி செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை செய்தான். எரியோடு ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோபுரத்திலிருந்து விழுந்தான். மதுரையில் நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்புமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். பேச ஒன்றும் இருக்காது. ஒருநாள் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடைசிக் கட்டத்தைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். அடுத்த வாரமும் கேட்டான். வாராவாரம் நான் ஒன்றைக் கூட்டிச் சொன்னேன். தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு சாண் உயரத்தில் சிறகு விரிந்தது, மேகம் விலகி வெயில் வந்தது, வெயில் பட்டுச் சிறகு செக்கச்செவேலென்று இருந்தது. சொல்லச் சொல்ல எனக்கும் அந்தப் படம் கண்ணில் தெரிந்தது.

அவன் எழுந்து நடந்தான். இடது கால் மடங்காது, கையில் ஊன்றுகோல். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் செம்பருந்து ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு தொடங்கினான். நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். அதில் அவன் போட்ட விதி ஒன்றுதான்: எந்த இதழின் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்துக் குழுவில் போடக் கூடாது.

போன பங்குனியில் ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருக்கும் பொன்னழகு என்பவர் குழுவில் எழுதினார். இறந்துபோன தன் அண்ணன் பெட்டியில் பத்தொன்பதாம் இதழ் கிழியாமல் இருக்கிறது, கடைசிப் பக்கத்தைக் காண விரும்புகிறவர்கள் நேரில் வரலாம் என்று. எழுதிய ஐந்தாவது நிமிடம் அஸ்பாக் எனக்குப் போன் செய்தான். வியாழக்கிழமை போகிறோம் என்றான். நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் லீவு கிடைக்காது என்றேன். அப்படியானால் தனியாகப் போகிறேன் என்றான். பிறகு எப்படியோ லீவு கிடைத்துவிட்டது.

அவன் கடைசித் தாளை மறுபுறம் திருப்பினால் கூப்பன் இருக்கும். கூப்பனைப் பார்த்தால் தன் பிரதியில் அந்த இடம் ஏன் இல்லை என்பது அவனுக்குப் புரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை பொன்னழகைக் கூப்பிட்டு, புத்தகத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் எடுத்ததும், கடைசித் தாளில் கூப்பன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். குழுவின் விதிப்படி தான் அந்தத் தாளைத் திறக்கவே இல்லை என்றார். நீங்கள் இருவரும் வந்து திறந்தால்தான் மரியாதை என்றும் சொன்னார். சரி, வருகிறோம் என்று போனை வைத்துவிட்டேன்.

பழனி பஸ்ஸில் அஸ்பாக் காலை நீட்டிக்கொள்ள நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தான். மடியில் துணிப்பை, பைக்குள் அவனுடைய பிரதி. ரெட்டியார்சத்திரம் வரைக்கும் இருவரும் பேசவில்லை. எங்களுக்குள் அது புதிதல்ல. ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது எங்களுக்குச் சாதாரணம். அன்றைக்கு மட்டும் அந்த மௌனத்துக்குள் நான் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். ‘அம்பிகா கிழிக்கலை.’ இரண்டே சொல். ஒவ்வொரு நிறுத்தத்திலும், அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

“ஏலே மதனு, என்ன பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி வேத்துக் கொட்டுது?” என்றான்.

வெக்கை என்றேன். அவன் சிரித்துவிட்டுப் பையை மறுபடி சரிசெய்துகொண்டான்.

மண்டியில் கேரளாவுக்குப் போகும் லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொன்னழகு எங்களைப் பின்னறைக்கு அழைத்துப்போனார். மேசையைத் துடைத்து அதன்மேல் நாளிதழ் விரித்து வைத்திருந்தார். பாலிதீன் உறையிலிருந்து புத்தகத்தை எடுத்து அஸ்பாக்கின் கையில் கொடுத்தார்.

அஸ்பாக் முதல் பக்கத்திலிருந்து படித்தான். எனக்கு அவன் விரல்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அணை வந்தது. மழை வந்தது. தள்ளிவிடுகிறார்கள். அவன் நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கடைசித் தாளைத் திருப்பினான்.

கீழ்ப்பாதி இல்லை. நேர்கோடாக, சதுரமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளி வழியாக நாளிதழின் எழுத்து தெரிந்தது.

“அட, எங்கண்ணன் வெட்டிப்போட்டாருங்க போல” என்றார் பொன்னழகு. அவர் முகம் வாடிவிட்டது. “பாக்காம உங்களை இம்புட்டு தூரம் வரவெச்சுட்டனுங்களே.” பிறகு ஏதோ நினைவு வந்து உறையைக் கவிழ்த்தார். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பித்தளை பேட்ஜ் மேசையில் விழுந்தது. அதில் ஒற்றைச் சிறகு.

அஸ்பாக் பேட்ஜைத் தொடவில்லை. தாளைத் திருப்பி, வெட்டுக்கு மேலே மிஞ்சியிருந்த வரியைப் படித்தான். கீழே உள்ள கூப்பனை வெட்டி அனுப்புங்கள் என்று அது சொன்னது. பையிலிருந்து தன் பிரதியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். கிழிந்த இடத்தின் மேல்பக்கமும் வெளிப்பக்கமும் கந்தலாக இருந்தன. ஆனால் தையலை ஒட்டிய உள்பக்கத்தில், நான் கிழிக்க மறந்த ஒரு விரல்கடை நீளத்துக்கு, ஓரம் நேராக இறங்கியது. இரண்டு புத்தகத்திலும் அந்தக் கோடு ஒரே இடத்தில் இருந்தது.

வெளியே லாரியில் பெட்டி வைக்கிறவர்கள் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு வயசுப் புள்ள கத்திரிக்கோல் நல்லாத்தான் புடிச்சிருக்கு” என்றான் அஸ்பாக்.

“எங்கிட்டயும் அந்த பேட்ஜ் ஒண்ணு இருக்கு” என்றேன்.

அவன் தலையாட்டினான். பொன்னழகு டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனார்.

“ஆஸ்பத்திரியில நீ அடிச்சுவிட்டது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும், மாப்ள. புஸ்தகத்துல உள்பக்கம் பூரா கறுப்பு வெள்ளை. நீ செவப்புச் செறகுன்னு சொன்ன. சரி, எனக்காகச் சேத்துச் சொல்றான்னு இருந்தேன்.” அவன் குரல் உயரவில்லை. “ஆனா அடியில ஒண்ணு நெசம்னு வெச்சிருந்தேன். பறந்தான்னு நீ சொன்னது நெசம்னு. பறந்தானா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். ஆமாம் என்பதை நான் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

“தெரியல, அஸ்பாக்கு. கூப்பனைத்தான் பாத்தேன்.”

அவன் இரண்டு புத்தகங்களையும் மூடினான். அவற்றின் ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினான். டீ வந்தது, குடித்தோம். திரும்பும்போது பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. அவன் முன்னால் கண்டக்டர் இருக்கைக்கு எதிரே தனியாக உட்கார்ந்தான். திண்டுக்கல்லில் இறங்கும்போது நான் கை நீட்டினேன். அவன் ஊன்றுகோலை ஊன்றித் தானே இறங்கினான்.

இரண்டு நாள் கழித்து அவன் குழுவின் விதியை எடுத்துவிட்டான். பத்தொன்பதாம் இதழ் வைத்திருப்பவர்கள் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடும்படி எழுதினான். ஏழு படங்கள் வந்தன. ஏழிலும் கீழ்ப்பாதி இல்லை. அந்தப் புத்தகத்தை இத்தனை வருடம் பத்திரப்படுத்தும் அளவுக்கு நேசித்தவர்கள் எல்லோரும் கூப்பனை வெட்டி அனுப்பியவர்கள்தான்.

பொன்னழகு தன் அண்ணனின் பிரதியை அஸ்பாக்குக்கே கொடுத்துவிட்டார். பேட்ஜைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். குழுவில் இப்போது நாற்பது பேர் இருக்கிறார்கள், விலகியவன் நான். அம்பிகா கொடைரோட்டில் இருக்கிறாள், அவளுக்கு இதெதுவும் தெரியாது. அஸ்பாக் கடையை நடத்துகிறான். என் போன் கெட்டால் அவனிடம்தான் கொடுக்கிறேன், சரிசெய்து தருகிறான். என் பேட்ஜ் பீரோவில் இருக்கிறது. செம்பருந்து பறந்தானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.