மூன்றாவது பாயிண்ட்

1

இந்தக் கதையை எழுதும் விருப்பம் எனக்கு இருந்ததில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில் என் மருமகள் சுசீலாபாய் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னாள். அது பின்னால் வரும். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘1933ஆம் ஆண்டு, ஜெர்மனியில், வேலையிழந்த லட்சக்கணக்கான மக்கள்...’ அடித்துவிட்டேன். நான் ஜெர்மனிக்குப் போனதில்லை. இரண்டாவது: ‘திருவிதாங்கூரில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த மதிப்பு...’ இதையும் அடிக்கச் சொன்னாள் சுசீலா. அடிக்கவில்லை. தள்ளி வைத்திருக்கிறேன்.

2

கிள்ளிப்பாலம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சுவரில்லாத ஓர் ஓலைக் கொட்டகை. எஸ்.எஸ்.எல்.சி. தோற்றவர்களுக்குக் காலையில் அங்கே ட்யூட்டோரியல் நடந்தது. அந்த மலையாள ஊரின் கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள். சுசீலா சரித்திரம் எடுத்தாள்.

ட்யூட்டோரியலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் ஒரு பாயிண்ட் சொல்லுவார். எல்லோரும் சேர்ந்து கூரை அதிர அதைத் திருப்பிக் கத்துவார்கள். கத்தினால்தான் மனதில் நிற்குமாம். தலைப்பை மட்டும் யாரும் கத்துவதில்லை.

அந்த நாட்களில் தினமும் திருப்பிய பாடத்தின் தலைப்பு, இரண்டாம் உலகப்போருக்கான காரணங்கள். பசி மக்களைப் பலமான ஒரு கையைத் தேட வைத்தது. நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை அந்தக் கையில் கொடுத்தது. பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது. எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். பக்கத்து நாடுகள் விழுங்கப்பட்டபோது மற்ற நாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆறாவது, போர்.

பரீட்சையில் வராத ஒரு கேள்வியையும் சுசீலா கடைசியில் கேட்பாள்: இதை எந்தப் பாயிண்டோடு நிறுத்தியிருக்கலாம்? யாரும் பதில் சொன்னதில்லை. அதற்கு மார்க் கிடையாதே.

1976 தொடக்கத்தில் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிள் காதில் மூன்றும் நான்கும் மட்டும் விழுந்தன. தலைப்பு விழவில்லை. கொட்டகைக்குள் யாரோ கோஷம் போடுகிறார்கள் என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னான்.

3

(இங்கே வரும் சப்-இன்ஸ்பெக்டர் எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் முறுக்கு மீசை வைத்தேன், ஒட்டவில்லை. மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர், பாறசாலைப் பக்கத்துத் தமிழர். தாணுலிங்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கொடுமைக்காரராக இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.)

எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஷூவை வாசலிலேயே கழற்றினார். நான் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவன் என்பது தெரியுமாதலால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

“சின்ன காரியம் சாறே. மூணும் நாலும் மட்டும் விட்டுரச் சொல்லணும். பாக்கியெல்லாம் படிப்பிக்கட்டு.”

“மூணும் நாலும் இல்லாம சண்டை எப்படி வரும்?”

“சண்டை வந்தாப் போதும் சாறே. காரணம் எதுக்கு?”

“கேள்வியே காரணம் கேட்டுத்தானே.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். விடாவிட்டால் கொட்டகை பூட்டப்படும், டீச்சர் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும், வந்தால் திருப்பி அனுப்புவது தம் கையில் இல்லை என்றார். பிள்ளைகளுக்கு மார்ச்சில் பரீட்சை.

4

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. [தள்ளி வைத்திருந்த தொடக்கம் இதுதான்.] சுசீலாவின் கணவன், என் மகன் சுவாமிதாஸுக்கு அரசாங்க வேலை; அது போய்விடுமோ என்ற பயம். சாப்பிடாமல் என் முன்னால் வந்து நின்றான். அப்பா சொன்னால் அவள் கேட்பாள் என்றான். அது உண்மை. அவளைக் கூப்பிட்டேன்.

“மாமா சொன்னா விட்டிருதேன்” என்றாள் சுசீலா. “மொத்தம் நாலே பாயிண்டுன்னு பிள்ளையளுட்ட சொல்லிருதேன். ஆனா நம்ம வீட்டுல யாரு சொல்லி இத விட்டாங்கன்னு ஒருநா எழுத வேண்டி வரும். அத மாமாதான் எழுதணும்.”

குரல் உயரவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டாள்.

குடும்ப மானம் என்று நான் காத்துவந்தது எது? ஸ்டேஷன் படி ஏறாதிருப்பதா, ஸ்டேஷன் சொன்னபடி பாடம் நடத்தாதிருப்பதா? சுதந்திரம் என்பது எந்த நாட்டிலும்... [கட்டுரையாகிறது. நிறுத்துகிறேன்.]

அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். “நாளைக்கு நானும் வாறேன் மக்களே.”

5

கோர்ட்டுக்குப் போட்டுப் போன கருப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். [அது இப்போது கருப்பில்லை என்கிறாள் சுசீலா.] எதிரே பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தின் நடுவில் தாணுலிங்கம். அவர் பக்கத்தில் கான்ஸ்டபிள், கையில் பூட்டு.

முதல் பாயிண்ட். கத்தினார்கள். இரண்டாவது. கத்தினார்கள். சுசீலா போர்டைப் பார்த்தபடியே மூன்றாவதையும் சொன்னாள்.

போலீஸ் விடச் சொன்னது எது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. யாரும் கத்தவில்லை. ஓட்டலில் மேசை துடைக்கும் இசக்கி தலையைக் குனிந்துகொண்டான். துணிக்கடை முத்தாரம்மாளின் கண் பூட்டிலேயே இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் பென்ஷன் இருக்கிறது. அவர்களுக்கு அந்தப் பரீட்சைதான் இருந்தது.

எழுந்து நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன் மூன்றாவது பாயிண்ட் கேட்டுவிட்டது. கொட்டகைக்குள்ளிருந்து அல்ல, பஸ் ஸ்டாப்பிலிருந்து, ஒற்றைக் குரலில்.

தினம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு, கேட்டுக் கேட்டு, பாடம் மனப்பாடமாகியிருக்கிறது. எங்களில் ஒருவரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. தாணுலிங்கம் திரும்பினார். அத்தனை பேரும் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான்காவது பாயிண்டுக்கு அங்கே பல குரல்கள். கொட்டகையும் சேர்ந்துகொண்டது. இசக்கியின் உடைந்த குரல் தனியாகக் கேட்டது.

6

முடிவு ஒன்று: சப்-இன்ஸ்பெக்டர் மனம் மாறினார். நம்பும்படி இல்லை. முடிவு இரண்டு: சுசீலாவை ஜீப்பில் ஏற்றி... எழுதக் கை வரவில்லை, நடக்கவும் இல்லை.

நடந்தது இது. பூட்டைக் கான்ஸ்டபிளிடமிருந்து வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்.

“கொட்டகையப் பூட்டலாம் சாறே. ஸ்டாப்ப எப்படிப் பூட்ட?”

அவ்வளவுதான். அப்போது அவர் மனதில் என்ன இருந்தது என்று எழுத எனக்கு உரிமையில்லை.

மார்ச்சில் அதே கேள்வி வந்தது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். எழுதவில்லை. [வந்தது. – சுசீலா]

மிச்சம் ஒன்றுதான். முதலில் கேட்ட அந்த ஒற்றைக் குரல் யாருடையது? ஒரு பிரதியில் பூக்காரிக்குக் கொடுத்துப் பார்த்தேன். இன்னொன்றில் என்னைப் போன்ற ஒரு பென்ஷன்காரருக்கு. இரண்டும் பொய். ஆகவே இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் அன்று அங்கே நிற்கவில்லை, தெரியும். ஆனால் ஸ்டாப் எல்லா ஊரிலும் இருக்கிறது. பஸ் எங்கும் தாமதமாகத்தான் வருகிறது. பெயரை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

“பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது” என்று உரக்கச் சொன்னவர், பஸ்ஸுக்குக் காத்து நின்ற ..............................