வாளியில் மிஞ்சிய கம்பி

அதே துண்டை அவள் மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள், எடுத்து உதறினாள், திரும்ப மடித்தாள். ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் அவர் கண்ணில் படுகிறதோ என்று பாதி சாத்தினாள். தண்ணீர் டம்ளரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினாள். காலையில் வந்த டாக்டர், "இன்னிக்குத் தாண்டினா பெரிய விஷயம்" என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, அவளுக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அண்ணன் நேர்மாறு. கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, அடித்து வைத்த ஆணி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் உக்காரேன். உன்னைப் பாத்தா எனக்கே மூச்சு வாங்குது."

"உக்காந்துதானே இருக்கேன்" என்றாள், நின்றுகொண்டே.

அப்பா கண்ணைத் திறந்து அவளையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "அந்த வாளியை எடு" என்றார்.

அப்பா மெக்கானிக் இல்லை. காலமெல்லாம் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர். ஆணி அடிக்கச் சொன்னால் கட்டைவிரலில் அடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு எங்கிருந்து தொற்றியதோ, வாரம் தவறாமல் பழைய சாமான் சந்தைக்குப் போய், எந்த மெக்கானிக்கோ கைவிட்ட கருவி ஒன்றை, எதற்கென்றே தெரியாமல் வாங்கி வருவார். தெரிந்து வாங்கினால் அதில் என்ன ருசி என்பார். அப்புறம் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் போய், இது எதைக் கழற்றும், எதைப் பூட்டும் என்று விசாரிப்பார். தெரிந்துவிட்டால் அது சுவருக்கு ஏறும். ஆணி அடிப்பது அண்ணன் வேலை. தெரியாதவரை கட்டிலுக்கடியில் வாளியில் கிடக்கும். இப்போது சுவர் முழுக்க இடுக்கியும் குறடும், பேரிங் இழுக்கிற மூன்று கால் கொக்கியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "வர்றவங்க இதைப் பல்லு புடுங்கற எடம்னு நினைச்சுக்கப் போறாங்க" என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாளியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான இரும்புக் கம்பி. இரண்டு முனையும் தட்டையாக, ஆளுக்கொரு பக்கம் வளைந்திருந்தன.

"இது என்னன்னு கேட்டுட்டு வாயேம்மா."

"இப்பவாப்பா?"

"இப்பத்தான்."

அண்ணன் முறைத்தான். அவள் கவனிக்காதவள்போல் செருப்பை மாட்டினாள். வாசலைத் தாண்டியதும் வந்த நிம்மதி அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அடுத்த தெருவிலேயே ஒர்க்‌ஷாப் இருந்தது. அப்பா வழக்கமாகப் போகிற இடம். இடது கையால் வேலை செய்வதால் அந்த மெக்கானிக்கை எல்லோரும் லெஃப்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அதைத் தாண்டி நடந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சைக்கிள் கடைவரை போனாள். ஏன் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சைக்கிள் கடைக்காரர் கம்பியைப் புரட்டிப் பார்த்தார். "டயர் கழட்டற லீவர் மாதிரிதான் இருக்கு. ஆனா இப்படிக் கோணிக்கிட்டு இருந்தா டியூப்பு கிழிஞ்சிடுமே. எங்க கிடைச்சுது?"

"அப்பாவோடது."

"அப்ப அவரையே கேக்க வேண்டியதுதானே?"

திரும்பி நடக்கும்போது போனைக் கையிலேயே பிடித்திருந்தாள். அது அடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அம்மா போன அன்று அப்பா வீட்டில் இல்லை. அம்மாவுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்த மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் சந்தைக்குப் போய்விட்டார். எல்லாம் முடிந்தபிறகுதான் வந்தார், கையில் துணிப்பை, அதற்குள் ஏதோ இரும்பு. வாசலில் நின்றவரைப் பார்த்து, "இன்னிக்குக்கூட அதுதான் முக்கியமாப் போச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவுடன் பேசினாள், சிரித்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். மன்னிக்க மட்டும் இல்லை.

நான் ஓடி வரவில்லை, அவர்தானே அனுப்பினார் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வந்தாள். அதற்குள் லெஃப்டின் ஒர்க்‌ஷாப் வந்துவிட்டது.

லெஃப்ட் ஒரு வேனுக்கடியிலிருந்து வெளியே வந்தார். கம்பியைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"பிரேக் டைட் வைக்கிறதும்மா இது. சக்கரத்துக்குப் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும். அதுல விட்டு, உள்ள இருக்கிற பல்சக்கரத்தைத் தள்ளணும். கண்ணுக்குத் தெரியாது, கையாலதான் பாக்கணும்." பழந்துணியில் கையைத் துடைத்தார். "ஆமா, சாருக்குத்தான் இது தெரியுமே."

"தெரியுமா?"

"நான்தானே சொன்னேன். உங்க அம்மா தவறின அன்னிக்கு."

அவள் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. இதைக் காட்டி என்னன்னு கேட்டாரு, சொன்னேன். தலையாட்டினாரு. நான் வண்டிக்கு அடியில போயிட்டு வந்தா, திரும்பவும் என்னன்னு கேக்கறாரு. திரும்பவும் சொன்னேன். மறுபடியும் அதே கேள்வி. என்ன சார் விளையாடறீங்களான்னு கேட்டுட்டேன். வீட்ல அவளுக்கு ரொம்ப முடியல, போகணும், கால் வரமாட்டேங்குதுன்னாரு." லெஃப்ட் வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கே ஒரு சத்தம் போட்டு அனுப்பி வச்சிருக்கணும் நான். நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

கம்பி அவள் மடியில் கிடந்தது. இத்தனை வருஷம் தெரிந்தே அதை வாளியில் போட்டு வைத்திருக்கிறார். சுவரில் மாட்டவில்லை. ஆணி அடிக்கச் சொல்லி அண்ணனைக் கூப்பிடவும் இல்லை.

"சாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"இன்னிக்குத் தாண்டினா பெரிய விஷயம்னாரு டாக்டர்." லெஃப்ட் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எந்திரிங்கம்மா" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க."

அவள் ஓடினாள்.

அப்பா இன்னும் இருந்தார். அண்ணன் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான். அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாழ்நாள் முழுக்கத் துணியைத் தொட்ட கை, இன்னும் மெத்தென்றுதான் இருந்தது.

"என்னவாம்?" என்றார் அப்பா. குரல் உதட்டோடு நின்றுவிட்டது.

"யாருக்கும் தெரியலப்பா."

"வேற எங்கயாவது கேட்டுப் பாரேன்."

"அப்புறமாப் போறேன்."

அவர் அவளையே பார்த்தார். "பயமா இல்ல?"

"இருக்குப்பா."

அப்பா தலையை அசைத்தார். அவளுக்கு எழுந்து போக வேண்டும்போல் பல தடவை இருந்தது. போகவில்லை. அப்பாமேல் இருந்த கோபம் எங்கே என்று தேடிப் பார்த்தாள். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்த மத்தியானத்துப் பெஞ்சை நினைத்தால் இன்னும் பாவமாக இருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே போய், அடுத்தது வரவில்லை. அவள் கையை விடவில்லை.

அப்போதுதான் அண்ணன் நாற்காலியைவிட்டு எழுந்தான். துண்டை எடுத்து மடித்தான். ஜன்னலைச் சாத்தினான், திறந்தான். போனை எடுத்து யாருக்கோ போடப்போய், போடாமல் சட்டைப் பையில் வைத்தான். "சொல்லணும்ல எல்லாருக்கும்" என்றான். "சொல்லணும்" என்றான் மறுபடியும். டம்ளரிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றான்.

அவள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். கம்பியை அவன் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, இது என்னன்னு கேட்டுட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான். நான் இருக்கேன்ல."

அவன் கம்பியைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தான். ஒன்று அவனுடையது, மற்றது அப்பாவுடையது. அவள் சொல்லவில்லை. தெருமுனை வரைக்கும் ஒரு செருப்பு ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் சத்தம் போட்டுக்கொண்டு போயின.